தோற்ற சீட்டுகளின் நீலக் கோப்பு

என் வீட்டுக்காரரின் குதிரைப் பந்தயத்தை நிறுத்தியவள் நான். பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் இது தெரியாதவர்கள் குறைவு, ஏனென்றால் நானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் லூர்துக்கு பஸ்ஸில் யாத்திரை போயிருந்தபோது, மாதாவின் முன்னால் மனிதரை முழங்காலில் விட்டு, இனி ஒரு சதமும் குதிரையில் கட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அதன் பிறகு வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சாய்ந்து படுக்கிற சோபா ஒன்று வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் "குதிரை" என்று ஒரு சொல் சொன்னேன், அடங்கிவிட்டார். பொய் சொல்வானேன், அந்த அதிகாரம் எனக்கு இனித்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் சுரண்டல் லொத்தர், அதாவது நாணயத்தால் சுரண்டிப் பார்க்கிற லாட்டரி மட்டை, வாங்குவேன். ஃபொபூர் சேன்-தெனியில் புடவைக் கடை வேலை முடிந்து, மார்க்ஸ் டோர்மோயில் இருக்கிற வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சிகரெட்டும் லொத்தரும் விற்கிற ஒரு தபாக் கடை இருக்கிறது. வாரம் ஒன்று எடுப்பேன். சில வாரம் மூன்று. குதிரை என்றால் சூது, இது வெறும் மட்டைத் துண்டுதானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஊருக்குத்தான் உபதேசம்!

மார்கழியில் ஒரு மட்டையில் நாலாயிரம் ஈரோ விழுந்தது. கடைக்குள்ளேயே "மாதாவே!" என்று கத்திவிட்டேன். காசு கைக்கு வந்ததும் என் பெயரில் தனியாக இருந்த சேமிப்புக் கணக்கில் போட்டேன். மூன்று நாள் கால் நிலத்தில் படவில்லை. கலியாணப் பெண் ஒருத்திக்குக் கேட்காமலே கூறைப் புடவைக்கு விலை குறைத்து, முதலாளியிடம் ஏச்சும் வாங்கினேன்.

யாருக்காவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. அமெரிக்காவில் இருக்கிற தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன். வாழ்த்துவாள் என்று பார்த்தால் அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அக்கா, வரிக்குக் காட்டவேணுமெல்லோ?"

"லொத்தருக்கு என்னடி வரி?"

"ஐயோ, இஞ்சை சூதிலை வெண்ட காசெல்லாம் காட்டவேணும். காட்டாமல் விட்டுப் பிடிச்சாங்கள் எண்டால் துலைஞ்சியள். ஆனா வெண்ட அளவுக்குத் தோத்த காசைக் கழிக்கலாம். தோத்த ரிக்கற்றுகள் கையிலை இருக்கவேணும். அதை ஆர் வைச்சிருக்கப் போயினம்!"

நான் வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். அகதி விண்ணப்பம் போட்டு இந்த நாட்டில் விசா எடுத்த நாங்கள் ஒரு காகிதத்தையும் எறிய மாட்டோம். எந்த வருடத்து மின்சார பில்லை எந்த அரசாங்கக் கந்தோரில் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வந்த மாதம் எடுத்த மெத்ரோ சீட்டே இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் தோற்ற மட்டைகளையும் திகதி எழுதி, மாதவாரியாக ஒரு நீலக் கோப்பில் கோத்து வைத்திருந்தேன். வெளியே "என் சம்பளத் துண்டுகள்" என்று எழுதியிருந்ததால் அவர் அதைத் தொட்டதேயில்லை.

சித்திரையில் வருமான வரிப் பத்திரம் நிரப்பும் காலம் வந்தது. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பத்திரம், எங்கள் வீட்டில் அதை நிரப்புகிறவர் அவர். காட்டினால் அவரிடம் மாட்டுவேன், காட்டாவிட்டால் அரசாங்கத்திடம் மாட்டுவேன். அரசாங்கத்திடம்தான் எனக்குக் கூடுதல் பயம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கோப்பைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொல்லுவன், கத்தப்படாது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மாதம் மாதமாகப் புரட்டினார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"என்னையெல்லோ முழங்காலிலை விட்டனீர்!"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மனிதர் எழும்பிப் போய், அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

"தோத்ததைக் கழிக்கலாமெண்டால் இதையும் சேர்த்துக் கழிப்பம்."

பெட்டி நிறையக் குதிரைச் சீட்டுகள். அவரும் அகதி விசா எடுத்தவர்தானே! நான் எந்தக் காகிதத்திலும் முதலில் திகதி பார்க்கிறவள். மேலே கிடந்த சீட்டின் திகதி போன வாரத்தது.

"அப்ப லூர்துச் சத்தியம்?"

"மாதா மன்னிச்சிருப்பா. எனக்கு உம்மிலைதான் பயம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, கோப்பும் பெட்டியுமாக வரிக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெண், என் பிரெஞ்சை மிகப் பொறுமையாகக் கேட்டாள். கோப்பைத் திறந்தாள். பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு சொன்னாள்: லொத்தரில் விழுந்த காசு இங்கே வருமானம் இல்லை, காட்டத் தேவையில்லை. இடைக்கிடை குதிரையில் வெல்வதும் அப்படித்தான். வரி இல்லாததால் தோற்றதைக் கழிக்கவும் இடமில்லை. அந்தக் காசுக்கு வட்டி ஏதும் வந்தால் அது வேறு கதை.

"இதை நீங்கள் யாருக்குமே சொல்லியிருக்க வேண்டியதில்லை, மதாம்," என்றாள் சிரித்துக்கொண்டு.

யாருக்குமே! யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டதாம். அமெரிக்கச் சட்டத்தைக் கேட்டு, பிரெஞ்சு அரசாங்கம் கேளாத பாவசங்கீர்த்தனத்தை என் புருஷனிடம் செய்திருக்கிறேன். வரும் வழியில் ரூ பெர்தொனே தெருக் கடையில் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்தோம். அவர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். எனக்கு ஒன்றே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அவர் சோபா கதையை எடுத்தார். பழக்கதோஷத்தில் நான் "குதிரை" என்று தொடங்கினேன். அவர் நீலக் கோப்பை எடுத்து, டிவிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வருகிற சனம் முதலில் பார்க்கிற இடத்தில் நிமிர்த்தி வைத்தார்.

கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் புதுச் சோபாவில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.