குழாயில் இறங்கிய ஏழு மாதம்

என் அக்கா ஆஸ்பத்திரி சமையலறையில் பதினெட்டு வருஷம் மிக்ஸி ஓட்டியவள். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்குக் குழாய் வழியே போகிற சாப்பாடு அவள் பொறுப்பு. வெந்த பருப்பு, முட்டை, பால், ஒரு கரண்டி எண்ணெய், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து இரண்டு தரம் வடிகட்டுவாள். ஒரு திப்பி தப்பினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். "உப்பு கூடிப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல" என்று பீற்றிக்கொள்வாள்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து விழுங்குவது நின்றதும் அதே வேலை வீட்டுக்கே வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். மனுஷன் கண்ணைத் திறக்காவிட்டாலும் குடல் தன் வேலைக்கு வந்துவிடும். சத்தைப் பிரித்து ரத்தத்தில் சேர்த்துவிடும். ஏழு மாதத்தில் அத்தான் மூன்று கிலோ ஏறினார், அக்கா ஐந்து கிலோ இறங்கினாள். அவள் அழவில்லை. எதற்கும் வெறும் 'ம்' கொட்டினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா ஊமைக் கோட்டான் மாதிரி இருக்க? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்னு நெனக்கிறேன்."

போன வாரம் டாக்டர் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். அத்தான் இருமாமல் விழுங்கினார். குழாயை உருவிவிட்டார்கள்.

"இனிமே வாய் வழியாவே குடுங்க. மூணு நாள்ல சாப்பிடலைன்னா, வயித்துல துளை போட்டு நிரந்தரமா குழாய் வெக்கணும்" என்றார் டாக்டர்.

முதல் நாள் அத்தான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் பிடித்த பிடியை விடவில்லை. "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று நான் சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் அக்கா ஸ்பூனை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"என்னங்க, பசிக்கலையா? இல்ல, சாப்பிடவே வேணாமா?"

இரண்டாவது கேள்விக்கு அவர் ஆமாம் என்று தலையசைத்தார். மெதுவாக, ஆனால் தெளிவாக.

"ஏழு மாசமா ஊத்திக்கிட்டே இருந்தேன். வேணுமான்னு உங்கள ஒரு தடவகூட கேக்கல" என்றாள் அக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கிண்ணத்தில் இருந்ததை அவளே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"டாக்டர் கேட்டா என்னக்கா சொல்றது?"

"குழாய் வேணாம்னு சொல்லிடு." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் கேப்பேன். அப்பவும் வேணாம்னா, வேணாம்."