ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன்

காரை விட்டு இறங்கியதும் அவன் முதலில் பார்த்தது காரின் முன்விளக்கைத்தான். அது உடைந்திருந்தது. குனிந்து தடவிப் பார்த்தான். சற்றுத் தள்ளி, சாலையோரப் புழுதியில், என் கணவர் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்தார்.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் சாப்பிட்டுவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நான் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தேன். எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. அதை முந்திக்கொண்டு எங்கள் பக்கமாக ஏறி வந்தது ஒரு வெள்ளை அம்பாசிடர். அவர் வண்டியை ஓரத்துக்கு ஒடித்தார். அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை, புளியமரம் நின்றது. பின்னால் இருந்த நான் தூக்கி எறியப்பட்டு, முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். கார் அவருடைய வலது காலை ஸ்கூட்டரோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

அவனுக்கு இருபது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கலாம். காரில் வேறு யாரும் இல்லை. கார் யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அந்த நூற்பு மில்லின் காரைத் தெரியாதவர்கள் இல்லை. என் அண்ணன் அங்கேதான் வேலை பார்த்தான். மில் முதலாளியின் மகன் இவன். காரில் தூக்கிப் போடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் என் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு வெள்ளை உறை போட்ட பின்சீட்டைப் பார்த்தான்.

"நான் போயி ஆள அனுப்புதேன்" என்றான். காரைத் திருப்பிக்கொண்டு ராஜபாளையம் பக்கமாகப் போய்விட்டான்.

ஆளை அனுப்பத்தான் செய்தான். எங்கே அனுப்பினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நின்றுவிட்ட டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் பயணிகளும் ஓடி வந்தார்கள். ஸ்கூட்டரைத் தூக்கினார்கள். கண்டக்டர் தன் துண்டைக் கொடுத்தார். தொடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். நாள் முழுக்கக் காயத்துக்குக் கட்டுகிற துணியையே சுருட்டி அடுக்குகிறவள் நான். அன்று கையில் ஒரு முழம்கூட இல்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் அவரைக் கிடத்தினோம். இனி எந்த ஸ்டாப்பிலும் நிற்காது என்று கண்டக்டர் சொன்னார். இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

முதலில் வந்த தனியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே எங்களைத் திருப்பிவிட்டார்கள். போலீஸ் கேஸ், தொட மாட்டோம் என்றார் வெள்ளைக் கோட்டு போட்டவர். பஸ்ஸுக்குள் ஏறிப் பார்க்கவும் இல்லை. அவருடைய சட்டைப் பையில் பேனா இருந்தது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. எதற்காக அதை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் என் பல் தானாகக் கடித்துக்கொள்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் ரத்தத்தை நிறுத்தி, மயக்க ஊசி போட்டார். எலும்போடு ரத்தக்குழாயும் நசுங்கியிருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோனால்தான் காலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கலாம், தாமதிக்கக் கூடாது என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அதற்குள் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். காதுகுத்துக்குப் பேசியிருந்த வேன் உறவுக்காரர்களை இறக்கிவிட மகாராஜபுரம் போயிருக்கிறது, வந்ததும் அதில் போய்விடலாம் என்றார்கள். அந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். நாத்தனாரை என் கணவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது இன்சூரன்ஸ் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பதற்றப்படாதீர்கள் என்று தொடங்குகிறது. வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. ஓட்டியவனையே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் மில்லின் ஜீப் நின்றது. உள்ளே மில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் அண்ணன் நின்றான். ராஜபாளையத்தில் யாருக்கும் நான் இன்னும் தகவல் சொல்லவில்லை. அவனை யார் கூட்டிக்கொண்டு வந்தது? பெஞ்சின் ஓரத்தில் காக்கிச் சட்டையில் ஒரு வயதான டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டய்யா எழுதி வைத்திருந்ததை வாசித்தார். காரை ஓட்டியது அந்த டிரைவர். ஸ்கூட்டர் தப்பான பக்கம் வந்ததால் மோதியது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓட்டியது இவர் இல்லை என்றேன். மேனேஜர் மிகவும் பணிவாகப் பேசினார். நடந்தது நடந்துவிட்டதாம். சின்ன வயசுப் பையனாம், மேல்படிப்புக்குப் போகப் போகிறானாம். ஜீப் தயாராக நிற்கிறது, கையெழுத்துப் போட்டதும் என் கணவரை ஏற்றிக்கொண்டு நேராக மதுரைக்குப் போய்விடும் என்றார்.

எனக்கு முதலில் அது புரியவே இல்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஜீப்பில் வேறொரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு மனிதனின் கால் செத்துக்கொண்டிருந்தது. இந்த மேனேஜர் அந்த ஜீப்பை வைத்துப் பேரம் பேசினார்.

அண்ணன் என்னை ஒதுக்கமாக இழுத்தான். "ஏட்டி, மாப்பிள்ள காலு பெருசா, யாரு ஓட்டுனாங்கிறது பெருசா?"

"இத எங்கிட்ட எதுக்குக் கேக்க? ஜீப்ப நிறுத்தி வச்சிருக்கது அவிய. அவியகிட்டப் போயி கேளு."

அவன் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவன் அவன்.

நான் அந்த டிரைவர் முன்னால் போய் நின்றேன். நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்றால், நான் உங்கள் கையைப் பிடித்து என்ன கேட்டேன், சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு தாயி. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அன்று எனக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றியது.

அப்போதுதான் அந்த பஸ் கண்டக்டர் உள்ளே வந்தார். டிரிப் தாமதமானதற்கு டெப்போவில் காரணம் சொல்ல வேண்டும், அதனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். நடப்பதைச் செத்த நேரம் நின்று பார்த்தார். பிறகு ஏட்டய்யாவிடம் சொன்னார்: "ஓட்டுனது சின்னப் பையன் சார். இடிச்சிட்டு அவன் கார விட்டு எறங்குனப்போ நான் முன்வாசப்படியிலதான் நின்னேன். எங்க டிரைவரும் பாத்தாரு. எழுதிக்கிடுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்."

மேனேஜர் எழுந்தார். ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அண்ணனும் அதில்தான் போனான். ஏட்டய்யா புதுத் தாள் எடுத்தார். நான் சொன்னதை எழுதினார். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வேன் அப்போதுதான் வந்து நின்றது. சீட்டுகளுக்கு நடுவில் பாயை விரித்து அவரைக் கிடத்தினோம். மதுரை போய்ச் சேர்வதற்குள் அவர் பாதம் நீலமாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார்.

மயக்கம் தெளிந்து விஷயம் தெரிந்த அன்று அவர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பிறகு, ஓட்டியது அந்தச் சின்னப் பையன் என்று எழுதிவிட்டாயா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். சரி என்றார். ஜீப்பைப் பற்றிப் பல மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். அன்று அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வருடக்கணக்காக நடந்தது. தொண்ணூறுகள் பிறந்த பிறகு தீர்ப்பு வந்தது. கண்டக்டர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்தார். முதலாளி மகன் குற்றவாளி என்று சொன்னார்கள். அபராதம் கட்டிவிட்டு, காரில் ஏறி வீட்டுக்குப் போனான். என் கணவர் கட்டைக் காலோடு பஸ் படியில் ஏறினார்.

என் அண்ணன் இன்றுவரை உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான், அன்றைக்கு அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் மாப்பிள்ளைக்குக் கால் இருந்திருக்கும் என்று. கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஜீப்பை வாசலில் நிறுத்தி வைத்த அந்த மேனேஜரைப் பற்றி அவர்களில் ஒருவரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் அதே பேச்சு மறுபடி எழுந்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.