லண்டனிடம் கேட்கப் போன அனுமதி

1986 ஒக்டோபர், திங்கட்கிழமை, காலை 6.40. விமானம் ஹீத்ரோவில் தரை தொட்டதும் நான் செய்த முதல் வேலை, மடியில் வைத்திருந்த கைப்பையைத் திறந்து அந்தப் படிவம் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. கொழும்பிலிருந்து இதுவரை பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன்.

படிவத்தைத் தந்தவர் எங்கள் ஊர் இராணுவ முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி. யாழ்ப்பாணக் கரையோரம் உள்ள எங்கள் அங்கிலிக்கன் கோயிலையும் பக்கத்து மண்டபத்தையும் முகாமுக்கு விட்டுத்தரச் சம்மதம் என்று உரிமையாளர் ஒப்பமிட வேண்டும். மண்டபத்தில் திருகோணமலைப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி ஓடிவந்த பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அதிகாரி வந்த அன்று, சபையின் காரியதரிசியான நான் வாசலில் நின்றேன். "இது கோயிலைக் கட்டிய லண்டன் மிஷனின் சொத்து, சேர். அவர்களைக் கேட்காமல் நாங்கள் ஒன்றும் செய்ய இயலாது" என்று சொல்லிவிட்டேன். மாத முடிவு வரை தவணை கிடைத்தது.

பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் சபையில் அது பரம்பரை வழக்கம். கூரைக்கு ஓடு மாற்றுவதா, மதிலை உயர்த்துவதா, யாருடைய மகனை உபதேசியாராக வைப்பதா, எந்தத் தலைவலி வந்தாலும் "லண்டனைக் கேட்கவேணும்" என்று கூட்டத்தை முடித்துவிடுவோம். நான் அறிய லண்டனுக்கு யாரும் எழுதியதே இல்லை. எழுதாமலே காரியங்கள் தானாக ஆறிப்போகும். இந்த முறை ஆறவில்லை. அதனால் முதல் தடவையாக லண்டனை உண்மையிலேயே கேட்க வந்தேன். "இது எங்கள் சொத்து, தொடாதே" என்று மிஷனின் கடிதத் தாளில் நாலு வரி கிடைத்தால் போதும்.

என் மனைவியின் தம்பி ரஞ்சன் வெளியே நின்றான். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான். ரெய்னர்ஸ் லேனிலுள்ள அவன் வீட்டுக்கு அங்கிருந்து ஒன்பது மைல்.

"அத்தான், இஞ்சை ஆமிக்காரன் ஒருத்தனும் இல்லை. பையைப் பின்னுக்கு வையுங்கோவன்" என்றான் காரில்.

"இருக்கட்டும்" என்றேன். வீடு வரும் வரை பை மடியில்தான் இருந்தது.

செவ்வாய், காலை 9.40. ரெய்னர்ஸ் லேனிலிருந்து மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் பேக்கர் ஸ்ட்ரீட், அங்கே மாறி வாட்டர்லூ. நாள் டிக்கெட் இரண்டு பவுண். ஜன்னலுக்கு வெளியே ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கயிற்றில் உலராத துணிகள். ஹரோவில் சீருடை அணிந்த ஒருவர் பெட்டிக்குள் ஏறினார். நான் எழுந்து நின்று அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிக்கெட் மட்டும் போதும், சேர்" என்றார். எதிரே இருந்த பெண் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயது ஆசிரியன், டிக்கெட் பரிசோதகருக்குப் பயந்திருக்கிறேன்.

வாட்டர்லூவிலிருந்து பத்து நிமிட நடையில் மிஷன் அலுவலகம். பழைய மிஷன் கடிதங்கள் சேர்த்து வைத்திருக்கும் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பான மிஸிஸ் பேர்ன்ஸ் என் பேனாவை வாங்கி மேசைக்குள் பூட்டிவிட்டு ஒரு பென்சிலைத் தந்தார். அங்கே மை அனுமதி இல்லை. கடிதப் பெட்டிகளும் ஒன்று முடிந்தால்தான் மற்றது. நான் வந்த காரியம் முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கோயில் எங்களுடையது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"எல்லோரும் சொல்வார்கள்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, எழுத்தில்?"

நான் பார்த்ததில்லை. அவர் குரலில் கண்டிப்பு இல்லை. ஆனால் எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் சொன்னதை ஊரவர்களுக்காக இங்கே சுருக்கித் தருகிறேன்.

போன நூற்றாண்டில் குடியேற்ற நாடுகளில் இருந்த அங்கிலிக்கன் சபைகள் இங்கிலாந்துச் சபையின் வால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இராணி நியமனப் பத்திரம் கொடுத்து அத்தியட்சரை, அதாவது பிஷப்பை, அனுப்புவார். பல இடங்களில் குருமாருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கும். பிறகு, சொந்தச் சட்டசபை உள்ள நாடுகளில் அந்தப் பத்திரங்களால் யாரையும் கட்டுப்படுத்த முடியாது என்று லண்டன் நீதிமன்றமே சொல்லிவிட்டது. நியூசிலாந்துக்காரர் அதற்கு முன்பே கூடியிருந்து தங்கள் சபைக்குத் தாங்களே சட்டம் எழுதிக்கொண்டார்கள். இலங்கையிலும் அரசாங்கம் சம்பளத்தை நிறுத்தியது. குருமாரும் சபையார் தெரிந்தெடுத்த ஆட்களும் சேர்ந்து சினொட் என்ற சபை மன்றம் வைத்துத் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கினார்கள். இது நடந்து ஏறக்குறைய நூறு வருஷம். எங்கள் காதில் மட்டும் விழவில்லை.

அன்று மூன்று பெட்டி பார்த்தேன். கடிதங்களில் கறையான், கொலரா, ஹார்மோனியம் கேட்டு ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர்ப் பெயரைக் காண வேண்டும் என்றும் காணக்கூடாது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டேன்.

புதன், பிற்பகல் 2.15. ஏழாவது பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. எங்கள் சபையின் முன்னோர் நூறு வருஷத்துக்கு முன் மிஷனுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம், கீழே பதினேழு ஒப்பம், பாதிக்கு மேல் வெறும் சிலுவைக் கீறல்கள். நிலத்தையும் கோயிலையும் எங்கள் பெயரில் மாற்றவேண்டாம் என்று அவர்கள் கெஞ்சியிருந்தார்கள். நாங்கள் சிறு கூட்டம், ஏழைகள், நாளை யாராவது வந்து வழக்காடினால் யாரைப் போய்க் கேட்போம் என்று எழுதியிருந்தார்கள். என் வாயிலிருந்து வந்த பேச்சே அது.

பின்னால் பதிலின் பிரதி. மிஷன் மறுத்திருந்தது. சொத்து, சபையார் தெரிந்தெடுக்கும் தர்மகர்த்தாக்களின் கையில். சபையாரின் பொதுக்கூட்டம் கை உயர்த்தாமல் அதை விற்கவோ, வாடகைக்கு விடவோ, ஒப்படைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை, மிஷனுக்கும் இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அதிகாரியிடம் நான் சொன்னது பொய் என்பதற்கு அத்தாட்சி இப்போது என் கையிலேயே இருந்தது.

மிஸிஸ் பேர்ன்ஸ் என்னை மாடிக்கு, மிஷனின் செயலாளரான வயதான குருவிடம் அழைத்துப்போனார். நான் மானத்தை விட்டுக் கேட்டேன்: "ஐயா, உங்களுடையது என்று ஒரு கடிதம் தாருங்கள். பன்னிரண்டு குடும்பம்."

"நான் எழுதினால் நீங்கள் இன்று தப்புவீர்கள்" என்றார் அவர். "அடுத்த மாதம் உங்கள் அரசாங்கம் உங்களை விட்டுவிட்டு எனக்கு எழுதும். எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் இருப்பவருக்கு எழுதும். நாங்கள் எத்தனையோ கட்டடங்களைக் கைவிட்டவர்கள். எங்களுடையது என்றால், எங்களால் அதைக் கொடுத்துவிடவும் முடியும், இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேசையில் வெயில் விழுந்திருந்தது, பிஸ்கட் இருந்தது. நியாயம் பேச வசதியான இடம். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பக்கம் பத்துப் பென்ஸ் வீதம் இரண்டு கடிதத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு, பேனாவையும் திரும்ப வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளி, பிற்பகல் 1.30. மீண்டும் ஹீத்ரோ. ரஞ்சன் சூட்கேசைத் தராமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், நில்லுங்கோ. அகதி எண்டு கேஸ் போடுவம். பேந்து அக்காவையும் இஞ்சை எடுக்கலாம். உந்தப் பேப்பரைத் தபாலிலை அனுப்பினாக் காணும்."

உண்மையைச் சொன்னால், அந்த யோசனை முதல் நாளே எனக்கு வந்துவிட்டது. ஹரோவில் டிக்கெட்டை மட்டும் கேட்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் வந்தது. இங்கே அடையாள அட்டை இல்லாமல் தெருவில் போகிறார்கள், சப்பாத்துச் சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு ஊருக்குப் போகப் பயம். ஆனையிறவு இராணுவச் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டுவார்கள், பிரதிகளை விரிப்பார்கள். அதற்கப்பால் அந்த அதிகாரி.

"தபாலிலை அனுப்பேலாது, ரஞ்சன்."

"ஏன்?"

"லண்டன் முத்திரை குத்தின கடுதாசி போனா, லண்டன் சொல்லிப்போட்டுது எண்டுதான் வாசிப்பினம். லண்டன் ஒண்டும் சொல்லாது எண்டதைச் சொல்ல ஆள்தான் போகவேணும்."

அவன் சூட்கேசைக் கீழே வைத்தான். என் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்விக்கு எங்கள் சபை நூறு வருஷமாக லண்டன் என்று பதில் வைத்திருந்தது. அந்த லண்டனில் ஐந்து நாள் இருந்துவிட்டேன். ஒரு பென்சில், தேநீர், நல்ல மனிதர் இருவர். மணி எங்கள் பெட்டகத்தில்தான் கிடக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். நாற்பது பேர் வருவார்கள். யாராவது எழுந்து "லண்டன் என்ன சொன்னது?" என்று கேட்பார்கள். இரண்டு கடிதத்தையும் வாசிப்பேன். பிறகு அவர்கள் கை உயர்த்த வேண்டும், நானும் உயர்த்த வேண்டும், அடுத்த நாள் ஒருவர் முகாமுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். காரியதரிசி யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விமானம் மேகத்துக்கு மேலே வந்ததும் படிவத்தை எடுத்தேன். சம்மதம் என்ற இடத்தை அப்படியே விட்டேன், அது கூட்டத்துக்குரியது. உரிமையாளர் என்ற கோட்டில் எங்கள் சபையின் பெயரை எழுதினேன், மையினால். எழுத்துக் கோணலாக விழுந்தது. ஆனாலும் வாசிக்கலாம்.