வாரத்தில் என் ஒரு மணி நேரம்

பொறியியல் கல்லூரியில் தொடர்புத் திறன் நடத்துகிறேன் என்று சொன்னால், டெலிபோன் ரிப்பேரா என்று கேட்கிறார்கள். இல்லை. வருங்கால இன்ஜினியர்களுக்குப் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுக்கிறேன். முக்கியமாக, முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்ல. பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. பாடத்திட்டத்தில் நான் ஒப்புக்குச் சப்பாணி. சிவில் மூன்றாம் ஆண்டில் வாரம் முழுக்கக் கணக்கும் கான்கிரீட்டும் ஆய்வுக்கூடமும் ஓடும். எனக்குத் திங்கட்கிழமை மூன்றாவது மணி நேரம், அவ்வளவுதான்.

அதையும் சிமெண்ட் சார் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கட்டட வடிவமைப்பு நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நல்ல மனுஷர். சரியாக மணி அடிக்கும்போது வாசலில் நிற்பார்.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும். பீம் பாதியில நிக்குது."

கட்டடத்தைத் தாங்கும் பீம் பாதியில் நிற்கும்போது நான் போய்க் கடிதம் எழுதும் முறையை விளக்கிக்கொண்டிருந்தால் கட்டடம் என்ன ஆவது? பல்லைக் காட்டிக்கொண்டே, "தாராளமா எடுத்துக்கோங்க சார்" என்பேன். எனக்குத் தெரிந்து அவருடைய பீம் ஒரு நாளும் முழுதாக நின்றதில்லை.

பிள்ளைகளுக்கு என் பாடம் தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஒருவன் சமையலறையின் நீள அகலத்தை எழுதி, கடைசி வரியில், 'இதற்குள் அம்மா இருப்பார்' என்று முடித்திருந்தான். அவனுக்கு மார்க் போட்டுவிட்டு ஓய்வறையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த திங்கள் பாடவேளையைத் தாரை வார்த்தேன்.

போன மாதம் பாடத்திட்டக் கூட்டம். தொடர்புத் திறன் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் பேச்சு. சிவிலில் எடுத்தால் மற்ற துறைகளும் கைகழுவிவிடும். நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிரின்சிபால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதினஞ்சு வாரத்துல நாலு கிளாஸ்தான் எடுத்திருக்கீங்க. மீதி பதினொண்ணு?"

எதிரே சிமெண்ட் சார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். நானோ, "பசங்களுக்கு அந்த நேரம் தேவைப்பட்டுது சார்" என்றேன்.

"அப்போ உங்க பாடம் தேவைப்படலைன்னு நீங்களே சொல்றீங்க."

"பாடத்து மேல தப்பில்ல சார். எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது" என்று உளறிவிட்டேன்.

"அதைத்தானே மேடம் நீங்க சொல்லிக் குடுக்கறீங்க?"

அறையே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இந்தப் புத்தியை என்ன செய்வது? கடைசியில், இன்னும் ஒரு செமஸ்டர் பார்க்கலாம், ஆனால் ஒரு வகுப்பு தவறினாலும் பாடத்தை எடுத்துவிடுவோம் என்று முடிவானது.

செமஸ்டரின் முதல் திங்களுக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒத்திகை. என் வீட்டுக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இல்லை என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர். அவர்தான் சிமெண்ட் சார் வேஷம்.

"பீம் பாதியில நிக்குதுங்க மேடம்."

"மன்னிக்கணும் சார், இன்னிக்கு..."

"மன்னிப்பு எதுக்கு கேக்கற? நீ என்ன டிக்கெட் இல்லாமலா வந்த? திரும்பச் சொல்லு."

'மாட்டேன்' என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன். துணி மடிக்கும்போது சொன்னேன், பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னேன்.

திங்கட்கிழமை மூன்றாவது மணி அடித்தது. வாசலில் அவர்.

"மேடம், பத்தே நிமிஷம்..."

"மாட்டேன் சார்."

"சும்மாதானே சொல்றீங்க?"

"இல்ல சார். இது என்னோட கிளாஸ்."

வார்த்தை முழுதாக வெளியே வந்துவிட்டது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்தினேன். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. மேஜையருகே போய் நிமிர்ந்து நின்றேன்.

அறுபது பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாளும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர நான் வேறெதையும் தயார் செய்திருக்கவில்லை.