யாரும் படுக்காத அறை

கடல் கடந்து வந்து குடியேறிய செவன் ஹில்ஸில், எங்கள் வீட்டுக்கு இரண்டு படுக்கை அறைகள். ஒன்றில் நானும் அவளும், இரண்டு பெண்களும், படுப்போம். மற்றது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் தேவாலயத்து அன்ரிமாருக்காக. அவர்கள் படுப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கல்யாணப் பதிவு செய்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மன்னாரில் இருக்கும் என் அம்மாவுக்கு அன்றைக்கே போன் போய்விடும். அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் வாடகையைப் பங்கு போடும் சிநேகிதிகள்.

வாசல் மணி அடித்தால் போதும், எங்கள் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும். அவளுடைய தலையணை, மூக்குக்கண்ணாடி, செருப்பு எல்லாம் அந்த அறைக்குப் போகும். நான் விரிப்பைக் கசக்கிவிட்டு, பாதி குடித்த தண்ணீர்க் கிளாஸ் ஒன்றையும் வைப்பேன். நாசமாய்ப் போன அந்த வேலையில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் போகப்போக அந்த அறைக்குள் தனியே போகப் பயம் வந்தது. யாரோ இப்போதுதான் எழும்பி வெளியே போனது போல இருக்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தானா என்று சந்தேகம் வரும்.

அவளிடம் சொன்னால், "உனக்கு விசர், தலை கழண்டுட்டுது" என்று சிரிப்பாள். ஆனால் அவளும் அந்தக் கதவைத் தட்டாமல் திறந்ததில்லை.

அவள் என் துணையாக இங்கே தங்குவதற்குப் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தோம். கிடைக்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் எழும்பிய கையோடு மணி அடித்தது.

"அன்ரியாத்தான் இருக்கும். கெதியா, கெதியா!" என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் மாற்றினோம். கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். குடிவரவு அதிகாரி. நாங்கள் சேர்ந்து வாழ்கிறோமா என்று பார்க்க வந்திருந்தார்.

எங்கள் அறையைக் காட்டினேன். கட்டிலில் ஒற்றைத் தலையணை. அவர் மற்ற அறைக்குப் போய், அங்கிருந்த தலையணையில் கை வைத்துப் பார்த்தார். அதில் இன்னும் சூடு இருந்தது.

"இங்கே யார் படுப்பது?"

"ஒருவரும் இல்லை" என்றேன். கடவுளே, உண்மையைத்தான் சொன்னேன். என் காதுக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது. அந்தக் கட்டிலைப் பார்த்தால் நானே என்னை நம்பமாட்டேன்.

அன்ரிமாரைப் பற்றி, அம்மாவைப் பற்றி, எங்கள் பயத்தைப் பற்றி எல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்று புரியாமல், பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தேன். பதிவு செய்த அன்றுகூட மற்றவர் முன்னால் நான் அவளைத் தொட்டதில்லை.

அவள் பதறிப்போய், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார்.