பெயரில்லாத கிருமி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது அந்த டாக்டர் மாற்றலாகி வந்தார். ஒல்லியான மனிதர், விரல் நுனியில் எப்போதும் ஊதாச் சாயம். ஒரு கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, மறு கண்ணால் தாளைப் பார்த்துக் கிருமிகளை வரைந்துகொண்டே இருப்பார். அப்போது யாரும் பேசக்கூடாது.

உவரியிலிருந்து தொண்டை வீங்கி வந்த மூன்று மீனவர்கள் ஒரே வாரத்தில் இறந்தார்கள். அவர்களுடைய சளியை ஆட்டுக்கறிச் சாற்றில் விட்டு வளர்த்தார். வளர்ந்த கிருமி புத்தகத்திலிருந்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தொண்டை ஒன்று வேண்டுமென்று என் வாயைத் திறக்கச் சொல்லிப் பஞ்சால் துடைத்தெடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, வரைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல பிள்ளைக உண்டா வே?"

"ரெண்டு இருக்குய்யா."

"கொஞ்ச நாள் வீட்டுக்குப் போக வேண்டாம். அதே கிருமி உம்ம தொண்டையிலயும் இருக்கு. உம்மை மட்டும் ஏன் ஒண்ணும் செய்யலன்னுதான் தெரியல."

என்னிடம் எடுத்ததையும் சேர்த்து மெட்ராசிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பத்து நாளில் அவருக்கே தொண்டை அடைத்தது. பேச்சு நின்ற பிறகு, தன் சளியையும் எடுத்து வைக்கும்படி கையைக் காட்டினார். எடுத்தேன். மறுநாள் இறந்துபோனார்.

அடுத்த வாரம் அவர் பெயருக்குப் பதில் வந்தது. இது இதுவரை யாரும் கண்டிராத இனம், நோயில்லாமல் இதைச் சுமக்கும் அந்த ஆளை உடனே அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த ஆளும் செத்துவிட்டான் என்று நான் பதில் எழுதினேன். அவராக இருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.