நாகஜோதிக்கு மட்டும் தெரிந்த மாப்பிள்ளைகள்

முப்பத்தொரு வயதாகியும் கல்யாணமாகாத ஒரு பெண்ணிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. அதை வேலுசாமி, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நாகஜோதியிடம் கேட்டுவிட்டார்.

"நல்ல வரனையெல்லாம் உனக்குன்னு ஒளிச்சு வச்சிக்கிட்டியாம்மா?"

பாவி மனுஷன்! நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டினது போலிருந்தது அவளுக்கு.

நாகல் நகரில் வேலுசாமி நடத்திய திருமணத் தகவல் நிலையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். உள்ளறையில் நாகஜோதி மாப்பிள்ளை விவரங்களைப் பதிவு செய்வாள். முன்னறையில் வேலுசாமி அவற்றைப் பெண் வீட்டாருக்கு எடுத்துக் காட்டுவார். இரண்டுக்கும் டேட்டாபேஸ் ஒன்றுதான். அதோடு பேசும் புரோகிராமை போன வருஷம், இரண்டாயிரத்து நாலில், எழுதியவளே அவள்தான்.

ஒரு வாரமாகத்தான் இந்தக் கூத்து. அவள் பதிந்த மாப்பிள்ளைகள் அவள் திரையில் லட்சணமாக வந்து நிற்பார்கள். முன்னறையில் தேடினால் ஒருத்தரும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அவள் திரையிலும் காணோம்.

"சாயங்காலத்துக்குள்ள என் கண்ணுல காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராத" என்று சொல்லிவிட்டார் வேலுசாமி.

வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள். மறுபடி ஒரு மாப்பிள்ளையைப் பதிந்தாள். அவளுக்குத் தெரிந்தார். வேலுசாமிக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா? கண்ணில் நீர் முட்ட, கூடப் படித்து இப்போது கொடைரோட்டில் இருக்கும் ஆனந்த்ராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கமிட் கொடுக்குறியா ஜோதி?"

"சேமின்னு பட்டன் இருக்குல்ல?"

"அது விவரத்தை அனுப்பத்தான் செய்யும். நிலையாப் பதிஞ்சுக்கோன்னு சொல்ற உத்தரவுதான் கமிட். உன் புரோகிராமுக்குள்ள டேட்டாபேஸோட பேசுற பகுதி, அந்த லைப்ரரி, வழக்கமா தானாவே கமிட் பண்ணிரும். அதை நீ நிறுத்தி வச்சிருந்தா, நீ கமிட் சொல்ற வரைக்கும் உன் கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாம புரோகிராமை மூடினா அம்புட்டும் போச்சு."

நிறுத்தி வைத்திருந்தாளே! வேலுசாமிக்காகத்தானே அதைச் செய்தாள்! எந்த வரன் வந்தாலும் மாரியம்மன் சன்னதியில் பூ கேட்டு உத்தரவு வாங்குவது அவர் வழக்கம். வெள்ளைப் பூப் பொட்டலம் வந்தால்தான் வரன் முன்னறைக்கு வர வேண்டும். அதற்காகவே பதிவைக் காக்க வைத்து, பூ வந்த பிறகு கமிட் செய்ய 'உறுதி' என்று தனியாக ஒரு பட்டன் வைத்திருந்தாள். போன வாரத்திலிருந்து அவர் பூ கேட்டுவிட்டே ஜாதகத்தைப் பதியக் கொடுத்தார். இனி எதற்கு என்று பட்டனை எடுத்துவிட்டாள். நிறுத்தி வைத்த தானாக நடக்கும் கமிட்டை மறுபடி ஓட விட மறந்தே போனாள்.

ஓடிப்போய் விளக்கினாள். வேலுசாமி விழித்தார்.

"உனக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம். யாருகிட்டம்மா கதை விடுற?"

சொன்னால் புரியாது என்று தெரிந்துபோயிற்று. விறுவிறுவென்று 'உறுதி' பட்டனை மறுபடி பொருத்தினாள். அவரை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்து, மாப்பிள்ளை என்ற இடத்தில் அவர் பெயரையே பதிந்தாள்.

"உங்க பேரு தெரியுதாண்ணே?"

"என்னத்தா விளையாட்டு இது? தெரியுது."

மகளுக்கு வரன் தேடி வந்து முன்னறையில் காத்திருந்த பேச்சாயிக்குக் குரல் கொடுத்தாள். "அக்கா, இப்ப உள்ள வர்றப்ப நான் காட்டினேன்ல, அந்தத் தேடு பட்டனை அமுக்குங்க. வேலுசாமின்னு யாரும் இருக்காங்களா?"

"இல்லையே ஆத்தா."

நாகஜோதி 'உறுதி'யை அமுக்கினாள். "இப்பத் தேடுங்க."

பேச்சாயி பட்டனை அமுக்கினாள். பிறகு முன்னறையே அதிர்ந்தது.

"அடியாத்தே! நம்ம ஐயாவே மாப்பிள்ளையா நிக்கிறாரு! வீட்டுல அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேலுசாமியும் வெட்கத்தோடு சிரித்துவிட்டார்.

"சரிம்மா, உம்மேல தப்பில்ல. முதல்ல என்னை அழிச்சு விடு. போன வாரத்து வரனையெல்லாம் மறுபடி ஏத்திரு. நாளைக்கு வெள்ளனா வந்துரு."

வேலை தப்பித்தது. ஆனால் அவள் நகரவில்லை.

"அண்ணே, காலையில ஒரு வார்த்தை கேட்டீங்களே..."

"எந்த வார்த்தைம்மா?"

நிஜமாகவே புரியாமல் கேட்டார். நடிப்பு இல்லை. தன்னைக் கொன்று போட்ட வார்த்தை அவருக்கு நினைவிலேயே இல்லையா? அதைத் தன் வாயால் எப்படித் திருப்பிச் சொல்வது? கோபப்படுவதா, அழுவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். ஜாதகக் கட்டைப் பிரித்து முதல் மாப்பிள்ளையின் பெயரை அடிக்க ஆரம்பித்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.